விருந்துத்துறை

'விருந்து' என்னும் சொல்லுக்கு இக்காலத்தார் உணவு என்றே பொருள் கொள்ளுகின்றனர். பழந்தமிழில் அச்சொல் புதுமையைக் குறித்து, அதன்வழிப் புதிதாய் வந்தாரைக் குறித்து, பின்னரே அவர்க்கிடும் உணவையும் குறிப்பதாயிற்று. செய்யுளுக்குரிய வனப்பு எட்டனுள் ஒன்றற்கு விருந்து எனத் தொல்காப்பியர் பெயரிட்டமையும் புதுமை என்னும் அப்பொருள் பற்றியேயாம். ஆதலின், நம் திருகோணமலைக்குக் கடல்வழியாகப் புதிதாய் வந்து, இரண்டொரு நாள் தங்கிச் செல்லும் சிறு கலங்களுக்கென ஒதுக்கப்படும் இடத்தை 'விருந்துத்துறை' என அழைத்தல் பொருந்தும். அத்தகைய துறையொன்று எழுதி வைத்த ஒழுங்குடன் நகர்க்கரையில் அமைதல் வேண்டும் என்பதையே ஈண்டு வலியுறுத்த விரும்புகின்றேன்.

"உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று நம்முடையது. இதனுள் ஒரு சிறு படகுக்கு இடமில்லையா?" என்று சிலர் நகைக்கக்கூடும். துறைமுகத்தின் நீர்ப்பரப்பு ஏறத்தாழ 1630 ஹெக்டேர். வாயிலின் அகலம் 500 மீற்றர். நீருக்குக் குறைவில்லை என்பது மெய்யே. ஆயினும் கலத்தில் வந்தவன் நீரை உண்டு வாழ்வதில்லை. அவன் கரையிலே கால் வைத்தல் வேண்டும். குடிநீர் முகத்தல் வேண்டும். சந்தைக்கும் மருத்துவமனைக்கும் செல்லுதல் வேண்டும். கடற்படைத் தளம், வணிகக் கப்பல் மேடை, மாவாலை, சீமெந்தாலை, சீனன்குடா எண்ணெய்க் குதங்களுக்குரிய மேடை ஆகியன தத்தமக்குரிய கரையைப் பெற்றுவிட்டன. அவையெல்லாம் வேண்டியனவே. அவற்றின் பின் எஞ்சும் கரையோ சிறிது. அச்சிறிய கரையை யார், எத்தனை நாள், எம்முறையில் வைத்துக்கொள்வது என்பதே வினா.

இவ்வினா நம்மவர்க்குப் புதியதன்று. பருத்தித்துறை, காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, வல்வெட்டித்துறை என ஊர்ப்பெயரின் ஈற்றிலே துறையை வைத்த மக்கள் நாம். உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில், உப்பை விற்று நெல்லைக் கொண்டு மீண்ட படகுகள், இலாயத்திற் குதிரைகள் கட்டப்பட்டு நிற்றல்போலத் தறிகளிற் பிணிக்கப்பட்டு நின்ற காட்சியைப் பாடுகின்றார். அதனைக் கற்பிக்குங்கால் உவமையழகினை வியந்து அப்பாற் போய்விடுகின்றோம். சற்று நின்று எண்ணினால், இலாயத்திலே ஒவ்வொரு குதிரைக்கும் ஓர் இடம் உண்டு என்பதும், அவ்வாறே ஒவ்வொரு படகுக்கும் ஒரு தறி இருந்தது என்பதும் புலனாகும். அப்புலவரே பெரும்பாணாற்றுப்படையிலே, கடலில் வருங் கலங்களைக் கரைக்கு அழைக்கும் விளக்கினையும் பாடினார். விளக்கேற்றி அழைப்பதும் தறிநட்டுக் கட்டுவிப்பதும் ஒரு செயலின் இரு கூறுகள். அழைத்துவிட்டுக் கட்ட இடங் கொடாதிருத்தல் விருந்தோம்பல் ஆகாது.

திருகோணமலையின் பழைய பெருமையும் தங்குமிடம் என்னும் பெருமையேயாகும். சோழமண்டலக் கரை நெடுகிலும் வாடைக்காற்றுக்கு ஒதுங்கத்தக்க இயற்கைத் துறைமுகம் இல்லை. சென்னையிலும் பிறவிடங்களிலும் கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. ஐப்பசி பிறந்ததும் ஆங்கிலேயக் கப்பற்படை பம்பாய்க்கு ஓடவேண்டியிருந்தது. வாடைக்கும் சோழகத்துக்கும் ஒருங்கே அரணாய் நின்றது நம் உட்துறைமுகம் ஒன்றே. அதனாலேதான் 1782ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் இதனைக் கவர, அவ்வாண்டு ஆவணியிலே பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் ஆங்கிலேயரிடமிருந்து கவர்ந்தான். 1795இல் மீண்டும் ஆங்கிலேயர் வசமாகி, 1957 வரை அவர்தம் கடற்படைத் தளம் இங்கிருந்தது. பேரரசுகள் பொருத இடம் இது. பொருததன் காரணம், மழைக்காலத்திலே கலங்களுக்கு ஒரு தங்குமிடம்.

வந்த கலத்துக்குத் தெளிவான ஒழுங்கு இல்லையாயின் யாது நிகழும் என்பதற்கும் நம் குடாவே சான்று தருகின்றது. 1659ஆம் ஆண்டின் இறுதியிற் சோழமண்டலக் கரையில் அடித்த புயலிற் பாய்மரம் இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், புதிய பாய்மரம் நாட்டிக்கொள்ளவும் இடையிற் சிறிது வணிகஞ் செய்யவும் கொட்டியாரக் குடாவினுட் புகுந்தது. கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனுக்கு முன்னறிவித்தலும் கையுறை அனுப்புதலும் நிகழவில்லை. தலைவனும் அவன் மகன் றொபேட் நொக்சும் வேறு பலரும் 1660இற் பிடிபட்டனர். தந்தை சிறையிலேயே இறந்தான். மகன் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, 1679இல் அரிப்புக்குத் தப்பியோடி, 1681இல் தன் நூலை வெளியிட்டான். அந்நூலாலே நமக்கு நன்மை விளைந்தது உண்மை. எனினும் சில வாரத் தங்கல் இருபதாண்டுச் சிறையாக முடிந்தமைக்கு, வந்தவன் யாது செய்தல் வேண்டும், இருந்தவன் யாது செய்வான் என்பது இருபாலார்க்கும் தெளிவாயிராமையும் ஒரு காரணமன்றோ?

இன்று நம் துறைக்கு வரும் குறுகியகால விருந்தினர் மூவகையினர்.

முதல்வகையினர், இந்துமாக்கடலைக் கடக்கும் பாய்ப்படகினர். கணவனும் மனைவியுமாக, சிலவேளை குழந்தைகளுடன், மாதக்கணக்கிற் கடலில் வாழ்பவர் இவர். உட்துறைமுகத்தில் நங்கூரமிட்டுத் தங்குகின்றனர்.

இரண்டாம் வகையினர், பருவந்தோறும் இடம்பெயரும் மீனவர். சோழகக்காற்று மேற்குக் கரையைக் கலக்கும்போது நீர்கொழும்பு, சிலாபம் முதலிய பகுதியினர் கிழக்குக் கரைக்கு வந்து வாடி அமைத்துத் தொழில் செய்தல் நெடுநாளைய வழக்கு. உள்ளூர் மீனவர்க்கும் இவர்க்கும் இடையே கரைபற்றிய பிணக்கு எழுவதும் பழையதே. பலநாட் கலங்களுக்குக் கொட்பேயில் மீன்பிடித் துறைமுகம் உண்டு. சிறு படகுகளின் நிலை வேறு.

மூன்றாம் வகையினர் நம்மவரே. மூதூர் முதலிய அக்கரை ஊர்களிலிருந்து காலையில் வந்து மாலையில் மீளுவோர். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டு, மூதூர் வழியிலுள்ள ஏனைப் பாலங்களும் அமைந்தபின் படகேறுவோர் தொகை குறைந்தது. ஆயினும் கடல்வழியே குறுக்குவழி. படகேறி வந்து கற்ற மாணாக்கர் பலரை நான் அறிவேன். மார்கழியில் அவர்தம் ஏடுகள் நனைந்தே இருக்கும். கரையினின்று படகுக்கும் படகினின்று கரைக்கும் தாவும் அந்த ஓரடி இடைவெளியே பயணம் முழுவதினும் இடர்மிக்கது. 2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் கிண்ணியாவைச் சார்ந்த குறிஞ்சாக்கேணியிலே, பாலவேலை நடந்த காலத்தில் ஓடிய மிதப்புப் பாதை கவிழ்ந்து பள்ளிச் சிறுவரும் பிறரும் மாண்டமையை இம்மாவட்டத்தார் மறந்திலர். நீர்நிலையைக் கடப்போர்க்கு ஒழுங்கான இறங்குதுறை வேண்டும் என்பது உயிர்பற்றிய செய்தி.

இம்மூவகையினர்க்கும் ஏற்ற துறையை அமைப்பது அரியதோ எனின், அன்று. நங்கூரமிட்டு நிற்கும் கலம் நீராழத்தின் மூன்று முதல் ஐந்து மடங்கு சங்கிலியை விடுதல் வேண்டும். காற்றுத் திரும்புந்தோறும் அச்சங்கிலியின் அளவுக்கு வட்டமிட்டுச் சுழலும். நம் குடாவோ கரையருகிலேயே ஆழ்ந்து செல்வது. கொட்டியாரக் குடாவினுள்ளே கடலடிப் பெரும்பள்ளம் ஒன்று புகுந்திருக்கின்றது. ஆதலாற் சங்கிலி நீளுகின்றது, வட்டம் பெருகுகின்றது, சில கலங்களே ஒரு குடாவை அடைத்துக்கொள்ளுகின்றன. இதற்கு மாறாக, கடலடியிற் கனத்த கட்டையை நிலையாய் இறக்கி, அதனின்று மேலே ஒரு மிதவையைப் பிணித்துவிட்டால், வருங் கலம் மிதவையிற் கயிற்றைக் கட்டி நிற்கும். வட்டம் சுருங்கும், அதே பரப்பிற் பல கலங்கள் நிற்கலாம். நங்கூரம் உழாமையாற் கடற்புல்லும் பவளப்பாரும் பிழைக்கும். 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட புறாத்தீவைச் சூழவுள்ள பவளங்களை எண்ணுவோர்க்கு இதன் பயன் விளங்கும். நகர்க்கரையிலோ அலையோடு ஏறியிறங்கும் மிதக்கும் மேடை ஒன்று போதும். காலித் துறைமுகத்திலே பாய்ப்படகுகளுக்கு அத்தகைய மேடைகள் உண்டு.

பொருளினும் அரியது ஒழுங்கு. இலண்டன் மாநகரின் செய்தி இதற்கு நல்ல பாடம். அங்கே 1820இல் முற்றுப்பெற்ற றீசன்ற் கால்வாயிற் சரக்குப் படகுகள் மறைந்தன. வீட்டு வாடகை தாளாத மக்கள் படகையே வீடாக்கிக் குடிபுகுந்தனர். அயலூரிலிருந்து சில நாள் நகரைக் காணப் படகில் வருவோர்க்குக் கட்ட ஓரடிக் கரையும் அகப்படுதல் அரிதாயிற்று. நிலையான இடமில்லாப் படகு ஒரே இடத்திற் பதினான்கு நாளுக்கு மேல் நில்லாதிருத்தல் வேண்டும் என 1995ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கின்றது. தக்க காரணம் இருப்பின் அதற்கு மேலும் நிற்கலாம் என அச்சட்டமே இடந்தருகின்றது. 2012 முதற் கால்வாய்களைப் பேணும் அறநிலையம், முன்பதிவு செய்து சில நாள் தங்கும் இடங்களையும் ஒதுக்கியுள்ளது. அங்கும் பூசல் ஓயவில்லை. வீடற்றவனுக்கும் வந்து செல்பவனுக்கும் ஒரே கரை எனின் பூசல் எழாதிருக்குமா? நாம் கொள்ளத்தக்க பாடம், நெருக்கடி முற்றுமுன் விதியை வகுத்தல் வேண்டும் என்பதே.

அயல்நாட்டை நோக்கவும் வேண்டா. நம் கடற்கரையிலே கரைவலைக்குப் 'பாடு' என்னும் முறை உண்டு. ஒரு பாட்டிலே வலை வளைக்கும் உரிமையுடையோர் பலராயின், முறைவைத்து ஒருவர்பின் ஒருவராய் வளைப்பர். கரை எல்லார்க்கும் பொது. காலம் ஒவ்வொருவர்க்கும் தனி. இதனினும் தெளிவான நீதி எச்சட்டநூலில் உண்டு? விருந்துத்துறைக்கு வேண்டுவதும் பாட்டுமுறையே.

இனி, தடை கூறுவார் கூற்றை ஆராய்வோம். பாதுகாப்புக்குக் கேடு என்பர் ஒரு சாரார். கடற்படைத் தளம் உள்ள இடத்தில் இவ்வச்சம் இயல்பே. ஆயின் அங்குமிங்குமாகச் சிதறி நிற்கும் கலங்களைக் காவல் செய்தல் எளிதா, ஓரிடத்திலே பதிவேட்டுடன் நிற்பவற்றைக் காவல் செய்தல் எளிதா? விருந்துத்துறை காவலுக்கு உதவியேயன்றி இடையூறன்று.

செல்வர்க்கு இடங்கொடுத்து ஏழை மீனவரைத் துரத்தும் சூழ்ச்சி இது என்பர் மற்றொரு சாரார். இவ்வச்சத்தை நான் பெரிதும் மதிக்கின்றேன். பல நாடுகளில் 'உல்லாசம்' என்னும் பெயரால் வலை உணத்தும் மணற்பரப்பு மீனவர் கையினின்று நழுவியதுண்டு. முப்பதாண்டுப் போரினாலும் 2004ஆம் ஆண்டுக் கடற்கோளினாலும் கரையிழந்து வருந்திய மக்களை மீண்டும் ஒருமுறை பெயர்த்தல் பாவம். ஆகையால் முதல் விதி மீனவர்க்குச் சார்பாக அமைதல் வேண்டும்: இன்று மீனவர் வழங்கும் கரையில் ஒரு முழமும் விருந்துத்துறைக்கென எடுக்கப்படலாகாது. துறைமுக அதிகாரசபையின் ஆட்சியிலுள்ள நகர்க்கரையிலேயே அஃது அமைதல் வேண்டும். இவ்விதி முதற்கண் எழுதப்படாதாயின், விருந்துத்துறையே வேண்டா என்று சொல்லுவோருடன் நானும் சேர்வேன்.

ஏனைய விதிகளாக நான் கருதுவன இவை. அக்கரைப் பயணிகள் படகுக்கு நிலையான இறங்குதுறை, படிக்கட்டும் கைப்பிடியும் விளக்குமாக, கட்டணமின்றி அமைதல் வேண்டும். பாய்ப்படகுகள் நகர்க்கரை மேடையில் மூன்று நாள் தங்கலாம். மேலும் தங்குவோர் மிதவைக்குப் பெயர்தல் வேண்டும். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம்மூர்ப் பழமொழிதானே. கலத்தின் நீளத்துக்கேற்ற கட்டணம் பெற்று, அப்பணத்தைக் கொண்டே பயணிகள் துறையைப் பேணுதல் வேண்டும். பருவத்து மீனவர் படகுகளுக்கு இடம் எத்துணை என்பதை உள்ளூர் மீனவர் சங்கங்களும் வந்தோரும் ஒருங்கிருந்து ஆண்டுதோறும் பருவம் பிறக்குமுன் தீர்மானித்தல் வேண்டும். புயலுக்கு ஒதுங்கிய கலத்துக்கும் நோயாளியைக் கொணர்ந்த கலத்துக்கும் நாட்கணக்கும் கட்டணமும் இல்லை. இவ்விதிகள் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் துறையிலேயே பலகையில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். அலுவலகப் பேழையுள் உறங்கும் விதி, கடலில் வந்தவனுக்கு விதியாகாது.

துறைமுக அதிகாரசபை, கடற்படை, மீன்பிடித் துறைமுகக் கூட்டுத்தாபனம், உள்ளூராட்சி மன்றம் என நால்வர் கையில் நம் கரை பிரிந்து கிடக்கின்றது. நால்வரும் ஒரு மேசையில் அமர்தலே முதல் வேலை. அம்மேசையில் ஐந்தாவது இருக்கை மீனவர்க்கு உரியது. எண்ணெய்க் குதங்களைப் பற்றியும் பெருங்கப்பல்களைப் பற்றியும் நம் துறைமுகத்தின் பெயரால் ஆண்டுதோறும் பேச்சு நிகழ்கின்றது. அப்பேச்சுக்கள் முடியும்வரை சிறு படகுகள் காத்திருக்கவேண்டுவதில்லை. ஒரு மிதக்கும் மேடை, சில மிதவைகள், ஒரு பதிவேடு, ஒரு பெயர்ப்பலகை ஆகிய இவை வரும் வாடைக்கு முன்னரே ஆகக்கூடியவை. பொறுப்புடையோர் இதனைச் சிந்திப்பாராக.