இரண்டு பட்டம் யாருக்கு?

ஒரே சமயத்தில் இரண்டு பட்டப் படிப்புகள் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 ஏப்ரலில் அனுமதி கொடுத்தது. இரண்டையும் நேரில் சென்று படிப்பதானால் வகுப்பு நேரங்கள் மோதக் கூடாது என்பது நிபந்தனை. ஒரு பட்டம் முடித்தவர் முதுகலையில் சேர்ந்துகொண்டே வேறொரு துறையில் இளங்கலையும் படிக்கலாம். அதே ஆண்டு டிசம்பரில் நான்காண்டு இளங்கலைத் திட்டம் வந்தது. அதன் கடைசி ஆண்டிலேயே உயர்நிலைப் பாடங்கள். முதல் மூன்றாண்டில் 75 சதவீதம் வாங்கியவருக்கு ஆராய்ச்சியும் உண்டு. அதை முடித்தவருக்கு முதுகலை ஓராண்டுதான்.

கெட்டிக்காரப் பிள்ளைகள் வேகமாகப் படிக்கட்டும். நாம் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள், தோழர்களே! மூன்றும் இரண்டும் ஐந்து. நான்கும் ஒன்றும் ஐந்து. காலம் ஒன்றும் குறையவில்லை. குறைவதெல்லாம் நான்காம் ஆண்டு வரை வீட்டில் சோறு போட்டுப் படிக்கவைக்க வசதி உள்ளவருக்குத்தான். மூன்றாம் ஆண்டோடு பட்டத்தை வாங்கிக்கொண்டு வேலை தேடிப் போகும் கூலிக்காரன் மகன் பின்னால் திரும்பி வந்தால், அவனுக்கு முதுகலை இரண்டாண்டுதான்.

மேல்மலையனூர், அவலூர்பேட்டை, அனந்தபுரம் பக்கத்திலிருந்து செஞ்சிக்கு பஸ் ஏறி வரும் பிள்ளைகளை நாம் அறிவோம். நடவு, அறுவடை, மணிலா பிடுங்கும் நாட்களில் வகுப்பில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். ஒரு படிப்பையும் ஒரு கூலி வேலையையும் சேர்த்து நடத்துகிறவர்கள் அவர்கள். அந்த இரண்டும் மோதக் கூடாது என்று எந்தக் குழுவும் விதி செய்யவில்லை!

செஞ்சிக் கோட்டைக்கு 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பெருமை கிடைத்தது. மகிழ்ச்சி. ராஜகிரியில் ஏறியவர்களுக்குத் தெரியும்: உச்சிக்குக் கொஞ்சம் கீழே பாறை பிளந்து கிடக்கும், குறுக்கே ஒரு பாலம். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் மேலே போக வழியில்லை. இளங்கலைக்கும் முதுகலைக்கும் நடுவில் இன்று கிடப்பதும் அப்படியொரு பிளவுதான்.

அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. நல்ல காரியம். அப்போதே அதை இளங்கலையோடு நிறுத்தினார்கள். 2021ல் விழுப்புரத்துக்கென்று ஒரு பல்கலைக்கழகம் வைத்தார்கள்; அதே ஆண்டில் அதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு சேர்த்தார்கள். சட்டசபையில் சண்டை பெயரைப் பற்றித்தான்! கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 50,000 ரூபாய் வரை கொடுக்கலாம் என்று மானியக் குழு 2019ல் சொன்னது. தமிழக அரசு கொடுத்த தொகுப்பூதியம் அதன் கிட்டேகூட வரவில்லை. நிரந்தர ஆசிரியர் இல்லாத கல்லூரியில் ஒரு பட்டமே தத்தளிக்கிறது, இரண்டாவது எங்கிருந்து வரும்?

உழைக்கிறவன் உழைத்துக்கொண்டே உயர்கல்வி பெற முடியாதா? முடியும். சோவியத் ரஷ்யா 1919லேயே, உள்நாட்டு யுத்தத்தின் நடுவில், தொழிலாளர்களையும் விவசாயிகளையும் பல்கலைக்கழகத்துக்குத் தயார் செய்யும் தனிப் பிரிவுகளைத் திறந்தது. பகலில் ஆலைக்குப் போனவனுக்கு மாலையில் வகுப்பு. நேரத்தை உழைப்பாளிக்கு ஏற்ப அமைத்தார்கள்.

சிறு நகரத்து அரசுக் கல்லூரிகளில் முதுகலை வகுப்பும் மாலை வகுப்பும் வேண்டும். காலியிடங்களில் நிரந்தர ஆசிரியர்களை நியமிக்க வேண்டும். உதவித்தொகை முதுகலை முடியும்வரை தொடர வேண்டும். வகுப்பு முடியும் நேரத்துக்கு கிராமங்களுக்கு பஸ் வேண்டும். மாணவர்கள் மட்டும் கேட்டால் போதாது. விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகளும் ஆலைச் சங்கங்களும் அடுத்த கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக்கி அரசுக்கு அனுப்ப வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.