ஆதனக்கோட்டையும் ஆப்பிரிக்கக் கொட்டையும்

புதுக்கோட்டையிலிருந்து தஞ்சைக்குப் போகும் சாலையில் ஆதனக்கோட்டை வந்தால் வண்டி தானாக நிற்கும். சாலையோரத்துக் கடைகளில் முந்திரிப் பருப்பு குவிந்திருக்கும். கால் கிலோவோ அரைக் கிலோவோ வாங்கிக்கொண்டு, விலை பேசிப் பத்து ரூபாய் குறைத்துவிட்ட பெருமையோடு நாம் வண்டியேறிவிடுகிறோம். கடைக்குப் பின்னால் புகை எழும்புவதையும், வறுத்த கொட்டையைத் தாய்மார்கள் தட்டி உடைப்பதையும், தோட்டு எண்ணெய் பட்டுப் பட்டுக் கருகிப்போன அவர்கள் விரல்களையும் பார்ப்போர் சிலர். அந்த விரல்கள் உடைக்கும் கொட்டை எங்கிருந்து வருகிறது என்று கேட்போர் மிகச் சிலர்.

கேட்கவேண்டிய காலம் வந்துவிட்டது.

இந்த மாவட்டத்துச் செம்மண்ணில் முந்திரி செழித்த காலம் ஒன்று உண்டு. காட்டு நிலங்களில் முந்திரி நின்ற இடங்களில், காகித ஆலைக்காகத் தைலமரம் வரிசை கட்டி நிற்கிறது. எஞ்சியிருந்ததில் பெரும் பகுதியை 2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் வேரோடு பிடுங்கிப் போட்டது. பண்ருட்டிப் பக்கமும் இதே கதைதான். அங்கே 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்தது. விழுந்த முந்திரிக்குப் பதில் நட்ட கன்று காய்த்துப் பலன் தர ஆண்டுகள் ஆகும். உடைக்கும் கைகளோ நாளைக்கே வேலை கேட்கின்றன. ஆகவே வெளியூர்க் கொட்டை வேண்டும். வெளியூர் என்பது முந்திரித் தொழிலில் இப்போது வெளிநாடு. ஐவரி கோஸ்ட், பெனின், கினி பிசாவ், தான்சானியா என்று நம் பள்ளிப் பிள்ளைகள் பூகோளப் புத்தகத்தில் தேடும் தேசங்களிலிருந்து தூத்துக்குடிக்கும் கொச்சிக்கும் மூட்டை வந்து இறங்குகிறது. பண்ருட்டியும் கொல்லமும் அதை நம்பித்தான் வெகுகாலமாக ஓடுகின்றன.

இதுவரை பெரிய ஆலைக்காரர் இறக்கினார். அவரிடமிருந்து தரகர் வாங்கினார். தரகரிடமிருந்து சின்ன வியாபாரி வாங்கினார். கை மாறும்போதெல்லாம் விலை ஏறிற்று. இப்போது சின்ன வியாபாரியின் கைப்பேசிக்கே நேராகத் தூது வருகிறது. "அன்பு நண்பரே! அபிஜான் துறைமுகத்தில் முதல்தரக் கொட்டை தயாராக இருக்கிறது. தரகர் எதற்கு? முப்பது சதவீதம் முன்பணம் அனுப்பினால் உடனே ஏற்றுகிறோம்!" கூடவே படம், மலை மலையாக மூட்டை, மூட்டைமேல் சிரித்துக்கொண்டு ஒரு மனிதர். விலையோ தூத்துக்குடி விலையைவிட டன்னுக்கு நூறு டாலர் மலிவு.

ஆசை யாரைத்தான் விட்டது? ஒரு சின்னக் கன்டெய்னரில் 80 கிலோ மூட்டை 200 பிடிக்கும்; அதாவது 16 டன். டன் 1,200 டாலர் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 19,200 டாலர். முன்பணம் மட்டும் 5,760 டாலர். நம் பணத்தில் ஏறக்குறைய ஐந்து லட்சம். ஆலை முதலாளிக்கு அது ஒரு நாள் கணக்கு. ஆதனக்கோட்டையில் சட்டி வைத்து வறுப்பவருக்கோ அது மகளின் நகை, மச்சானின் கைமாற்று, வீட்டுப் பத்திரம்.

நேராக வாங்காதே என்று நாம் சொல்ல வரவில்லை. தரகரை வாழவைப்பது நம் வேலையல்ல. எப்படி வாங்குவது என்பதுதான் கேள்வி.

இந்த மண்ணுக்கு அது புதுக் கேள்வியும் அல்ல. பொன்னமராவதியும் இராயவரமும் கோனாபட்டும் இராமச்சந்திரபுரமும் கடல் கடந்த வியாபாரத்தில் கட்டிய ஊர்கள். ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் அங்கிருந்து "கொண்டுவிக்க"ப் போனார்கள். செட்டியார் பணம் கப்பலேறும்போது கூடவே செட்டியாரின் ஆளும் கப்பலேறினார். மூன்றாண்டு முறை வைத்து ஏஜண்டு போய், அந்த ஊர்ச் சந்தையிலேயே உட்கார்ந்து, ஆளையும் சரக்கையும் கண்ணால் பார்த்து, ஐந்தொகை எழுதி ஊருக்கு அனுப்பினார். கொடுக்கல் வாங்கல் எல்லாம் சுத்தம் என்று நாம் சான்று வழங்கவில்லை. வட்டியின் கொடுமை பர்மாக்காரருக்குத் தெரியும். ஆனால் தன் ஆள் இல்லாத துறைமுகத்துக்கு அவர்கள் தம் பணத்தை அனுப்பவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இன்று அபிஜானில் நமக்கு ஆள் யார்? வாட்ஸ்அப் படத்தில் சிரிக்கும் மனிதரா?

ஆளை வாடகைக்கு அமர்த்தலாம். எஸ்.ஜி.எஸ்., பீரோ வெரிட்டாஸ் முதலிய பரிசோதனைக் கம்பெனிகள் அந்தத் துறைமுகங்களில் இருக்கின்றன. கூலி கொடுத்தால் மூட்டை கன்டெய்னரில் ஏறுமுன் மாதிரி எடுத்து, கொட்டையை ஒவ்வொன்றாக இரண்டாய் வெட்டி, நல்லது, சொத்தை, சுருங்கியது, பூஞ்சணம் என்று பிரித்து நிறுத்துச் சொல்வார்கள். முந்திரி வியாபாரத்தின் உயிரே இந்த வெட்டுச் சோதனையில் இருக்கிறது. 80 கிலோ மூட்டையை உடைத்தால் எத்தனை ராத்தல் பருப்பு தேறும் என்பதுதான் உலகச் சந்தையில் விலை பேசும் கணக்கு. 48 ராத்தல் என்று எழுதிக் கொடுத்துவிட்டு 42 ராத்தல் சரக்கை அனுப்பினால் என்ன ஆகும்? மூட்டைக்கு 2.7 கிலோ பருப்பு போயிற்று. 200 மூட்டைக்கு 544 கிலோ! கிலோ 700 ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும் மூன்றே முக்கால் லட்சத்துக்கு மேல் காற்றில் கரைந்தது. யாரும் திருடவில்லை, கப்பல் கவிழவில்லை, மூட்டை எண்ணிக்கை இருநூறும் சரியாக இருக்கிறது. ஈரமும் அப்படித்தான். பத்து சதவீதத்துக்கு மேல் ஈரம் உள்ள கொட்டையை ஒரு மாதத்துக்கு மேல் இரும்புப் பெட்டியில் அடைத்தால், தூத்துக்குடியில் கதவைத் திறக்கும்போது கொட்டையைவிடப் பூஞ்சண வாடைதான் முதலில் வெளியே வரும். ஈரத்துக்கும் சேர்த்து எடை போட்டுக் காசு கொடுத்திருப்போம், அது வேறு.

ஆகவே சோதனைச் சான்று வேண்டும். அதை விற்பவர் அமர்த்திய ஆள் கொடுத்தால் போதாது. வாங்குபவர் அமர்த்திய ஆள் தரவேண்டும். வந்த சான்றின் எண்ணை அந்தக் கம்பெனியின் அலுவலகத்துக்கே எழுதிக் கேட்டு உறுதி செய்யவேண்டும். கள்ள நோட்டு அடிக்கும் உலகில் கள்ளச் சான்று அடிக்க எத்தனை நேரம்?

அடுத்தது பணம். முன்பணமாகக் கையை விட்டுப் போன காசு, பெரும்பாலும் போன காசுதான். பாங்கி வழியாக லெட்டர் ஆப் கிரெடிட் போட்டால், கப்பல் ரசீதும் நாம் கேட்ட சான்றுகளும் பாங்கிக்கு வந்து சேர்ந்த பிறகே விற்பவருக்குப் பணம். ஆனால் அதிலும் கண் விழிக்கவேண்டும். பாங்கி பார்ப்பது காகிதத்தை; மூட்டையை அல்ல. 2007 முதல் உலகப் பாங்கிகள் கைக்கொள்ளும் யு.சி.பி. 600 என்ற விதித்தொகுப்பே அப்படித்தான் சொல்கிறது. மூட்டையில் கல் இருந்தாலும் காகிதம் சரியாக இருந்தால் பணம் போய்விடும். எனவே எந்தக் காகிதம், யார் கையெழுத்திட்ட காகிதம் என்பதை லெட்டர் ஆப் கிரெடிட் எழுதும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும். தாவர நலச் சான்றும் அதில் இருக்கட்டும். அது இல்லாமல் வந்த சரக்கு துறைமுகத்தில் முடங்கிக் கிடக்க, வாடகை மட்டும் நாள்தோறும் நடக்கும்.

நடுவில் கணக்கு எண் மாறிவிட்டது, புதுக் கணக்குக்கு அனுப்புங்கள் என்று கடிதம் வந்தால், அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதுவது கள்ளனிடமே சாவி கேட்பதாகும். ஏற்கனவே தெரிந்த தொலைபேசி எண்ணில் கூப்பிட்டுக் கேட்கவேண்டும். ஏமாந்தது தெரிந்தால் வெட்கப்பட்டு மூடி மறைக்காமல் அந்த மணிநேரமே 1930 என்ற எண்ணுக்கும் பாங்கிக்கும் சொல்லவேண்டும்.

காகிதத்தின் வல்லமை எப்படிப்பட்டது என்பதை 2022-இல் வியட்நாம் வியாபாரிகள் கண்டார்கள். அவர்கள் வாங்குவோர் அல்லர், விற்போர். இத்தாலிக்கு அனுப்பிய முந்திரிப் பருப்பில் 36 கன்டெய்னர்களின் அசல் காகிதங்கள் வழியில் மாயமாயின. அசல் கப்பல் ரசீது யார் கையிலோ சரக்கு அவருடையது என்பதல்லவா சட்டம்! தனித்தனி வியாபாரியாக இருந்திருந்தால் தலையில் துண்டு போட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்களுடைய முந்திரிச் சங்கம் எழுந்தது, அரசாங்கம் எழுந்தது, இத்தாலியிலிருந்த தூதரகம் அந்நாட்டுப் போலீசின் கதவைத் தட்டிற்று. சரக்கு மீண்டது.

ஆனால் அதே வியட்நாம் ஆலைகள் 2024-இல் வேறொரு பாடம் படித்தன. ஆப்பிரிக்காவில் கொட்டை விலை திடீரென ஏறியது. பழைய விலைக்கு ஒப்பந்தம் போட்ட விற்பனையாளர் பலர் சரக்கே அனுப்பவில்லை. அனுப்பியவரிலும் சிலர் மட்டமான சரக்கை அனுப்பினர். 2018-இல் தான்சானியாவில் இன்னும் விசேஷம். வியாபாரிகள் சொன்ன விலை குறைவென்று ஜனாதிபதி பட்டாளத்தை அனுப்பி விளைச்சலையே கொள்முதல் செய்தார்! உழவனுக்கு நல்ல விலை கிடைக்கவேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. எந்தச் சீமை உழவனாயினும் உழவன்தான். ஆனால் ஒரே நாட்டை, ஒரே ஆளை நம்பிப் பணம் கட்டியவர் கதி அந்த ஆண்டு என்னவாகியிருக்கும்?

இத்தனையும் சொன்ன பிறகு ஆதனக்கோட்டை வியாபாரி நம்மைப் பார்த்துக் கேட்பார்: "ஐயா, பாங்கிக்குப் போனால் ஈடு கேட்கிறான். ஒரே கன்டெய்னருக்குப் பரிசோதகரை அமர்த்தினால் லாபம் அவன் கூலிக்கே போய்விடும். நாங்கள் என்ன செய்ய?"

நியாயமான கேள்வி. பாதுகாப்பு எல்லாம் பெரியவருக்கே கட்டுப்படியாகிறது. ரிசர்வ் வங்கி 2016-இல் வெளியிட்ட இறக்குமதித் தலைமை உத்தரவைப் பாருங்கள். 2 லட்சம் டாலருக்கு மேல் முன்பணம் அனுப்புவதென்றால் வெளிநாட்டுப் பாங்கியின் ஜாமீன் வேண்டும் என்றது. நல்ல விதி! ஆனால் 5,760 டாலர் அனுப்புபவருக்கு அந்த ஜாமீன் கட்டாயமில்லை. யானைக்குக் குடை பிடித்தார்கள். கோழிக்குஞ்சு மழையில் நிற்கிறது.

குடை வேண்டுமானால் கூடித்தான் பிடிக்கவேண்டும். இருபது சிறு உற்பத்தியாளர் சேர்ந்தால் ஒரு லெட்டர் ஆப் கிரெடிட், ஒரு பரிசோதகர், ஓர் இன்சூரன்ஸ், இறக்குமதிக்கு ஒரு பதிவு எண். இருநூறு மூட்டையைத் தலைக்குப் பத்தாகப் பிரித்துக்கொள்ளலாம். கேரளத்தில் 2017-இல் அரசே இதற்கென்று முந்திரி வாரியம் என ஒரு கம்பெனியை ஏற்படுத்தியது. வெளிநாட்டுக் கொட்டையை மொத்தமாக வாங்கி முந்திரி வளர்ச்சிக் கழகத்துக்கும் கூட்டுறவு ஆலைகளுக்கும் கொடுப்பது அதன் வேலை. அங்கே எல்லாம் பொன்னாக இல்லை. அதற்கு முன் கழகம் செய்த கொள்முதலில் ஊழல் என்று புகார் எழுந்து, சி.பி.ஐ. விசாரணை வரை போனது. சர்க்கார் கைக்கு வந்துவிட்டால் சரக்கு சுத்தமாகிவிடாது; டெண்டரும் வெட்டுச் சோதனை முடிவும் ஊரறிய ஒட்டப்படவேண்டும்.

தமிழ்நாட்டிலும் 2025 மார்ச்சில் வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் 10 கோடி ரூபாயில் முந்திரி வாரியம் அறிவிக்கப்பட்டது. வாரியம் என்றதும் கடலூர் மாவட்டம் நினைவுக்கு வருகிறது. வரட்டும், அது பெரிய ஊர்தான். ஆனால் தஞ்சைச் சாலையில் சட்டி வைத்திருப்பவர்களும் முந்திரிக்காரர்களே. அவர்களுக்காக நாம் கேட்பது மானியமல்ல, இலவசமல்ல. சிறு உற்பத்தியாளர் சேர்ந்து போடும் லெட்டர் ஆப் கிரெடிட்டுக்கு வாரியம் ஈடு நிற்கவேண்டும். தூத்துக்குடியில் வெட்டுச் சோதனைக்கு ஓர் ஆளை வைக்கவேண்டும். நம்பத்தக்க விற்பனையாளர் யார், வாக்குத் தவறியவர் யார் என்று ஒரு பட்டியல் எழுதிவைத்து, கேட்டவருக்குக் காட்டவேண்டும். இந்த மூன்றுக்கும் 10 கோடி வேண்டாம்.

மேற்கு ஆப்பிரிக்காவில் பிப்ரவரியில் கொட்டை விழத் தொடங்கும். அதற்கு முன்பே விலை பேசுவோர் பேசி முடித்துவிடுவார்கள். ஆதனக்கோட்டைக்காரர் இருபது பேர் கையெழுத்திட்டு ஒரு மனு கொடுக்கட்டும்; மாவட்டத் தொழில் மையம் அதை வாங்கிக் கோப்பில் கட்டி வைக்காமல், பொங்கலுக்குள் பதில் சொல்லட்டும்.