ரத்த செல்லில் லிஃப்ட் கேட்கும் மருந்து

கீமோதெரபி எடுத்தவங்க யாராவது உங்க வீட்டுல இருக்காங்களா? எங்க வீட்டுல பெரியம்மா. கட்டி இருந்தது மார்பில். ஆனா கொட்டியது தலைமுடி, புண்ணானது வாய். ஆறு மாசம் அவங்க கண்ணாடியே பார்க்கலை.

காரணம் ரொம்ப சிம்பிள். ட்ரிப்ஸ்ல ஏறின மருந்து உடம்பு முழுக்கப் போகும். வேகமாகப் பெருகுற செல் எதுவானாலும் தாக்கும். புற்றுநோய் செல்லும் அப்படித்தான் பெருகுது, முடி வேரும் அப்படித்தான். மருந்து சரி, டெலிவரிதான் தப்பு. டெலிவரி பிரச்சினைன்னா அது டாக்டர்களுக்கு மட்டுமான வேலை இல்லை, நமக்கும் அதில் பங்கு இருக்கு என்பதுதான் என் கட்சி.

சிவப்பணுவை எடுத்துக்கோங்க. 7-8 மைக்ரோமீட்டர் அகலம், உட்கரு கிடையாது, சுமார் 120 நாள் ரத்தத்துல சுத்தும். இதைவிட நல்ல வண்டி கிடைக்குமா? உப்பு குறைந்த கரைசலில் போட்டால் செல் வீங்கி, சவ்வில் நுண்துளைகள் திறக்கும். மருந்து உள்ளே போகும். உப்பின் அளவைப் பழையபடி கொண்டு வந்தால் துளைகள் மூடிக்கொள்ளும். ப்ளஸ் டூவில் படித்த ஆஸ்மாசிஸ்தான் இது.

உள்ளே வைக்காமல், வெளியே ஒட்டியும் அனுப்பலாம். ஹார்வர்டில் சமீர் மித்ரகோத்ரியின் குழு மருந்து நிரப்பிய நானோ துகள்களைச் சிவப்பணு மேல் ஒட்ட வைத்தது. நுரையீரலின் தந்துகிகள் சிவப்பணுவைவிடக் குறுகல். செல் நெளிந்து நுழையும்போது ஷியர் ஸ்ட்ரெஸ் அந்தத் துகளை உரித்து அங்கேயே இறக்கிவிடுகிறது. நுரையீரலுக்குப் பரவிய புற்றுநோய்க்கு டாக்ஸோரூபிசின் மருந்தை இப்படிக் கொண்டு சேர்க்கலாம் என்று 2019-ல் எலிகளில் காட்டினார்கள். மித்ரகோத்ரி மருத்துவம் படித்தவர் இல்லை. மும்பையில் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தவர். நம்மில் பாதிப்பேர் அரியர் வைத்த ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்தான் அங்கே வேலை செய்யுது!

இதோட நிறுத்தினா இது வாட்ஸ்அப் ஃபார்வர்டு ஆகிடும். எரிடெக் என்ற பிரெஞ்சு நிறுவனம் அஸ்பராஜினேஸ் நொதியைச் சிவப்பணுக்குள் அடைத்து, கணையப் புற்றுநோய்க்குச் சோதித்தது. 2021-ல் மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவு வந்தது. நோயாளிகளின் ஆயுளை அது எதிர்பார்த்தபடி நீட்டவில்லை. வண்டி ரெடியா இருந்தா மட்டும் போதாது என்பது அதில் நமக்குப் பாடம்.

அதனால்தான் கேட்கிறேன். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு இந்த வருஷமும் முகம் பார்த்து அட்டெண்டன்ஸ் போடுற சாஃப்ட்வேர்தானா? குறுகிய குழாயில் ஒரு செல் எப்படி நெளியுதுன்னு மெக்கானிக்கல் பசங்க சிமுலேட் பண்ணலாம். மைக்ரோஸ்கோப் படத்தில் உடைந்த செல்களை எண்ண சிஎஸ்இ பசங்க ஒரு ப்ரோக்ராம் எழுதலாம். பயோடெக் நண்பர் ஒருத்தரையும் டீம்ல சேர்த்துக்கோங்க, நமக்குத் தெரியாதது அவங்களுக்குத் தெரியும்.

ஒரே ஒரு வேண்டுகோள். போஸ்டரில் "கேன்சருக்குத் தீர்வு" என்று போடாதீங்க. எங்க பெரியம்மா மாதிரி யாராவது அதைப் படிச்சு நம்பிடுவாங்க. ஒரு சின்னக் கேள்வியை எடுத்து, அதுக்கு நேர்மையா ஒரு பதில் கண்டுபிடிச்சா போதும்.