எழுத்தும் மறுவாழ்வின் ஒரு பகுதியே

முதுகெலும்பிலோ கையிலோ பெருங்காயமுற்று மருத்துவமனைக்கு வருவோரின் குடும்பத்தார் முதலில் கேட்பது, "உயிர் பிழைப்பாரா?" என்பதே. அடுத்து, "நடப்பாரா?" என்பார்கள். வீடு திரும்பும் நாள் நெருங்கும்போது மூன்றாவது வினா எழுகிறது: "இனி எந்த வேலைக்குப் போவார்?" இதற்கான விடை காயத்தின் ஆழத்தை மட்டும் பொறுத்ததன்று, அவருக்கு எவ்வளவு எழுதப் படிக்கத் தெரியும் என்பதையும் பொறுத்தது என்பது எங்கள் கருத்து.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை எனப் பாலாற்றுப் பகுதியில் பரந்துள்ள தோல் தொழில் உடலுழைப்பை நம்பியது. ஈரத்தோலைத் தூக்குவது, டிரம்மில் ஏற்றி இறக்குவது, இயந்திரத்தில் சதை நீக்குவது, காலணியின் மேற்பாகத்தைத் தைப்பது ஆகியவற்றைப் பார்த்துப் பழகியே கற்றுக்கொள்ளலாம். பள்ளிப்படிப்பு இல்லாதவரும் கைத்திறனால் குடும்பத்தைக் காக்க முடிகிறது. உடல் வலுவாக இருக்கும்வரை எழுத்தறிவின்மை ஒரு குறையாகவே தெரிவதில்லை. உடல் தளர்ந்த அன்றுதான் அது வெளிப்படுகிறது.

அதே தொழிற்சாலைகளில் அமர்ந்து செய்யும் வேலைகளும் உண்டு. சரக்கு இருப்பைப் பதிவேட்டில் எழுதுவது, தைத்த உருப்படிகளைக் கணக்கிடுவது, தரச்சீட்டைச் சரிபார்ப்பது, கணினியில் பதிவது போன்றவை அவை. பல ஆண்டு அனுபவமுள்ள தொழிலாளிக்குத் தோலின் தரம் விரல் நுனியில் தெரியும். ஆனால் அதை ஒரு வரியில் எழுதத் தெரியாவிட்டால் அந்த நாற்காலி அவருக்குக் கிடைப்பது அரிது.

வேலூர் நன்கறிந்த ஒரு வாழ்க்கையை இங்கே நினைவுகூர்கிறோம். இளம் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ் 1954-இல் நேர்ந்த சாலை விபத்தில் முதுகெலும்பு பாதிக்கப்பட்டுக் கால்கள் செயலிழந்தார். பின்னர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். இவரது முயற்சியால் 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் உருவாயிற்று. 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவரது மனவுறுதி போற்றத்தக்கது. எனினும் அவர் கற்ற கல்வியை விபத்து பறிக்கவில்லை என்பதையும் மறக்கலாகாது. அதே காயம் டிரம் வேலை செய்யும் ஒருவருக்கு நேர்ந்திருந்தால், அதே மனவுறுதி இருந்தும் அவர் எதைப் பற்றிக்கொண்டு எழுந்திருப்பார்?

மருத்துவர் பால் பிராண்டும் இதையொத்த ஓர் உண்மையை இவ்வூரில் கண்டார். தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினால் மட்டும் போதவில்லை. அக்கைகளுக்கு வேலை வேண்டியிருந்தது. ஆகவே நோயாளிகள் மரவேலை கற்பதற்கென நவ ஜீவ நிலையம் 1950-களின் தொடக்கத்தில் அமைந்தது. அக்காலத்திற்கு மரவேலை பொருந்திற்று. இன்று அதனோடு எழுத்தும் எண்ணும் சேர வேண்டும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் இருந்தனர். அவர்களுள் எழுத்தறிவு பெற்றோர் ஏறத்தாழ 55 விழுக்காடு. வேலையில் இருந்தோர் 36 விழுக்காடே. இதில் ஒரு சுழற்சி உள்ளது. குறைபாடுள்ள குழந்தை பள்ளியிலிருந்து நிறுத்தப்படுகிறது. படிக்காததால் பிற்காலத்தில் வேலை கிடைப்பதில்லை. மறுபுறம், படிக்காதவர் ஆபத்து மிகுந்த உடலுழைப்புக்குச் செல்கிறார், அங்கே ஊனமுறுகிறார்.

சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடுள்ள 6 முதல் 18 வயது வரையிலானோருக்குக் கட்டணமில்லாக் கல்வியையும், அரசுப் பணிகளில் 4 விழுக்காட்டு இடஒதுக்கீட்டையும் அளிக்கிறது. பணிக்காலத்தில் ஊனமுற்ற அரசு ஊழியரை நீக்கக் கூடாது என்றும் கூறுகிறது. தனியார் தோல் ஆலைத் தொழிலாளிக்கு அந்த இறுதிப் பாதுகாப்பு இல்லை. இ.எஸ்.ஐ. திட்டத்தில் உள்ளவருக்கு வேலையின்போது நேர்ந்த காயத்திற்கு உதவித்தொகை உண்டு. ஆனால் விபத்து எவ்வாறு பதிவாகியுள்ளது என்பதைத் தாமே படித்தறிய முடியாதவர், உரிமைக்கும் பிறர் வாயையே நம்ப வேண்டியுள்ளது.

"வலியில் துடிப்பவருக்கு அரிச்சுவடியா?" என்று சிலர் கேட்கலாம். முதல் வாரங்களில் வேண்டாம். ஆனால் மறுவாழ்வுச் சிகிச்சை பல வாரங்கள், சில வேளை மாதங்கள் நீள்கிறது. தசைப் பயிற்சிக்கு நேரம் குறிப்பதுபோல் எழுத்துக்கும் நாள்தோறும் அரைமணி நேரம் ஒதுக்கலாம். வலக்கை இழந்தவர் ஆக்குபேஷனல் தெரபியில் இடக்கையால் எழுதப் பழகுகிறார். எழுதவே அறியாதவருக்கு அதே பயிற்சி முதற்பாடமாகலாம். தலைக்காயம், பக்கவாதம் உடையோர் மட்டும் மருத்துவரின் ஆலோசனையோடு தொடங்கட்டும்.

குடும்பத்தாருக்கு எங்கள் வேண்டுகோள் இது. நோயாளியின் பெயரை நீங்களே எழுதிவிடாமல் அவரை எழுதச் செய்யுங்கள். மருந்துச் சீட்டையும் சான்றிதழையும் அவரோடு சேர்ந்து படியுங்கள். வீடு திரும்பியபின் எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்புத் தேர்வுகளைத் தனித்தேர்வராக எழுத வழியுண்டு. சொல்வதை எழுதுபவரையும் கூடுதல் நேரத்தையும் கோரலாம். குறைபாடுள்ள குழந்தையின் படிப்பை எக்காரணத்தாலும் நிறுத்தாதீர்கள்.

கல்வி மட்டுமே எல்லாக் கதவுகளையும் திறந்துவிடாது. படித்தவரும் சக்கர நாற்காலி நுழையாத வாயிலில் திரும்பிப் போகிறார். சாய்தளமும் ஏற்ற கழிப்பறையும் அமைப்பது முதலாளிகளின் கடமை. ஆனால் வாயில் திறக்கும் நாளில் உள்ளே செல்ல ஆயத்தமாக இருப்பது நம் கையில் உள்ளது. அந்த ஆயத்தத்தை மருத்துவமனைப் படுக்கையிலேயே தொடங்குவோம்.