வலியை மறைக்கலாமா?

விளையாட்டு விழா நெருங்கும் நாள்களில் ஒரு காட்சியைக் காணலாம். முதல்நாள் மாலை மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடிய மாணவி, மறுநாள் காலை படிக்கட்டின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மெல்ல ஏறுவாள். "காலில் என்னடி?" என்றால் "ஒன்றுமில்லை" என்பாள். வீட்டில் தெரிந்தால் ஓட்டத்தையே நிறுத்திவிடுவார்கள் என்ற அச்சமே அதற்குக் காரணம். வலியை மறைப்பது தவறு. மறைக்கும்படி அச்சுறுத்துவதும் தவறு என்பது என் கருத்து.

கெண்டைக்காலின் இரு தசைகள் கீழே ஒன்றாகித் தடித்த நாணாகக் குதிகால் எலும்பில் இணைகின்றன. நம் உடலிலேயே மிக வலிமையான தசைநாண் இதுதான். கிரேக்க வீரன் அக்கிலீஸின் பெயரை இதற்குச் சூட்டியுள்ளனர். குழந்தையான அவனைத் தாய் ஸ்டிக்ஸ் ஆற்றில் தோய்த்தபோது, அவள் பிடித்திருந்த குதிகால் மட்டும் நனையவில்லையாம். பின்னாளில் அங்கே தைத்த அம்பினால் அவன் மாண்டானாம். ஓடும்போது இந்த நாண் உடல் எடையைப்போல் ஆறு மடங்குக்கும் மேற்பட்ட விசையைத் தாங்குகிறது. ஆனால் தசைக்கு உள்ள அளவு இரத்த ஓட்டம் இதற்கு இல்லை. எனவே பழுதுபட்டால் ஆற மாதங்கள் ஆகும்.

ஆண்டெல்லாம் சும்மா இருந்துவிட்டு, விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கையில் திடீரென ஓடுவதே பெரும்பாலும் வலிக்கு வித்து. தேய்ந்த காலணியும் உடலைச் சூடேற்றாமல் ஓடுவதும் துணைக் காரணங்கள்.

பெரிய வீரர்களையும் இது விடுவதில்லை. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 110 மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கம் வென்றவர் சீனாவின் லியூ சியாங். 2008-இல் சொந்த நாட்டுப் பெய்ஜிங்கிலேயே குதிகால் வலியால் ஓடாமல் திரும்பினார். 2012 லண்டனில் முதல் தடையிலேயே விழுந்து, ஒற்றைக் காலில் நொண்டியபடி எல்லையை அடைந்தார். அவருடைய குதிநாண் அறுந்திருந்தது.

அப்படியானால் வலி கண்டதும் படுத்துக்கொள்ள வேண்டுமா? அதுவும் தீர்வன்று. ஸ்வீடன் மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் 1998-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். நெடுநாள் குதிநாண் வலியால் வாடிய 15 பேர் படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி நின்று, குதிகாலை மெல்லக் கீழே இறக்கினர். முழங்காலை நீட்டியும் மடக்கியும், முறைக்கு 15 வீதம் மும்முறை, நாளுக்கு இருவேளை, 12 வாரங்கள் செய்தனர். பதினைவரும் மீண்டும் ஓடினர்! அளவான உழைப்பே நாணை வலுப்படுத்துகிறது என்பது இதன் பொருள். வலி எலும்பை ஒட்டியே இருந்தால் மட்டும், படிக்குக் கீழே இறக்காமல் சமதரையில் செய்வது நலம்.

வளரும் சிறுமியருக்குக் குதிகால் எலும்பின் வளர்ச்சிப் பகுதியிலும் வலி வரலாம். ஓட்டத்தையும் குதித்தலையும் சிறிது குறைத்து, காலணியில் மெத்தை வைத்தால் தணியும். வளர்ச்சி முடிந்ததும் நீங்கும். ஆனால் "டப்" என்று ஏதோ அறுந்ததுபோல் தோன்றி முன்காலில் நிற்க முடியாவிட்டாலும், அடிபடாமலே கெண்டைக்கால் வீங்கிச் சூடானாலும் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். தசை கிழிந்த முதல் நாள்களில் எண்ணெய் தேய்த்துச் சுளுக்கு வழித்தால் உள்ளே இரத்தக்கசிவு மிகும்.

பெற்றோர்களே, "பெண்பிள்ளைக்கு ஓட்டம் எதற்கு?" என்று கேட்காதீர்கள். கால் வலிக்கும் அண்ணனை மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறீர்கள். தங்கையை மட்டும் வீட்டில் உட்கார வைக்கலாமா? அருட்சகோதரிகளே, ஆசிரியைகளே, ஓட்டப் பயிற்சியை ஜூன் மாதமே தொடங்கி, சிறுகச் சிறுகக் கூட்டுங்கள். தோழியரே, காலையில் முதலடி வைக்கும்போது குதிகால் விறைத்தால் அன்றே சொல்லுங்கள். சுவர் இருந்தால்தான் சித்திரம். ஒரு பரிசை அடுத்த ஆண்டும் வெல்லலாம்; கால்கள் வாழ்நாள் முழுவதும் வேண்டும்.