விதை மாறாத சீட்டு

எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு முடிந்ததும் கோப்பை கழுவுவது யார் என்று தினமும் சண்டை. போன மாதம் பன்னிரண்டு வயது மகன் ஒரு வழி சொன்னான். "அம்மா, நான் பைதனில ஒரு புரோகிராம் எழுதுறன். அது பேரைச் சொல்லட்டும்." அம்மம்மா போடும் திருவுளச்சீட்டு மாதிரித்தானே என்று நானும் சம்மதித்தேன்.

முதல் நாள் தங்கச்சியின் பெயர் வந்தது. இரண்டாம் நாளும் அவள்தான். ஒன்பது நாளும் அதே பெயர். "அண்ணா அளாப்புறான்!" என்று அவள் அழ, நான் ஒன்றும் விசாரிக்காமல் அவனை ஏசிவிட்டேன். "நான் ஒண்டும் செய்யேல்லை" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

அடுத்த நாள் இருவருமாகப் புரோகிராமைப் பார்த்தோம். மேலேயே ஒரு வரி: ரான்டம் டொட் சீட், அடைப்புக்குள் 7. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே விடை வரவேண்டும் என்று கோடிங் வகுப்பில் கொடுத்த வரி. அதை அப்படியே எடுத்துப் போட்டிருந்தான்.

கணினி சீட்டுக் குலுக்குவதில்லை, கணக்குத்தான் செய்கிறது. பைதனின் ரான்டம் பகுதியில் இருப்பது, மட்சுமோட்டோ, நிஷிமுரா என்ற இரண்டு ஜப்பானியர்கள் 1998இல் வெளியிட்ட மெர்சென் ட்விஸ்டர் என்ற முறை. சீட் என்றால் விதை. ஒரே விதை போட்டால் எண்கள் ஒரே வரிசையில்தான் வரும். ஒவ்வொரு இரவும் 7இல் இருந்தே தொடங்கியதால் முதல் பெயர் மாறவே இல்லை. அந்த வரியை எடுத்துவிட்டால், ஒவ்வொரு முறையும் பைதன் தானே புது விதை தேடிக்கொள்ளும்.

விளையாட்டுக்கு இது போதும். பாஸ்வேர்ட் உருவாக்க மட்டும் இதைப் பாவிக்கக் கூடாது. இது தரும் 32 பிட் எண்களில் 624ஐத் தொடர்ந்து பார்த்த ஒருவர், அடுத்து வருவதைக் கணித்துவிடலாம். அதற்கென்றே பைதன் 3.6இல் இருந்து சீக்ரெட்ஸ் என்று தனிப் பகுதி இருக்கிறது. உங்கள் பிள்ளையும் கோட் எழுதினால் சொல்லி வையுங்கள்.

வரியை அழித்துவிட்டு மகனிடம் மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவன், "அஞ்சாம் நாளே ஏதோ பிழை எண்டு எனக்கும் விளங்கினது அம்மா. கழுவத் தேவையில்லைத்தானே எண்டு சும்மா இருந்திட்டன்" என்றான்.

நான் கேட்காமல் ஏசினேன், அவன் தெரிந்தும் சொல்லவில்லை. அன்றிரவு யாரும் லப்டொப்பைத் திறக்கவில்லை. தங்கச்சியைக் கதிரையில் இருத்திவிட்டு அவன் கழுவினான், நான் துடைத்தேன்.