கப்பல் மரத்தில் பேனை செய்வோர்க்கு

பழைய போர்க்கப்பலின் மரத்தைக் கடைந்து செய்த பேனைக்கு உலகச் சந்தையில் தனி மவுசு உண்டு. 1805இல் ட்ரபல்கார் போரில் நெல்சனைச் சுமந்த விக்டரி கப்பலின் ஓக் மரத்தாலான பேனைகள் சான்றிதழோடு விற்கப்படுகின்றன. அரச மட்டத்திலும் இந்த மோகம் உண்டு. 2009 மார்ச்சில் பிரித்தானியப் பிரதமர் கோர்டன் பிரவுண் அமெரிக்க ஜனாதிபதி ஒபாமாவுக்கு அளித்த பரிசு, கன்னெட் என்னும் கப்பலின் மரத்தாற் செய்த பேனைத் தாங்கி. அடிமை வணிகத்தைத் தடுக்கும் பணியில் ஈடுபட்ட கப்பல் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட பெருமை.

கடைந்தெடுத்த கைவினைஞரை நான் குறை சொல்லவில்லை. எனது சண்டை அந்தச் சான்றிதழோடுதான். அது கப்பலின் பெயரைச் சொல்லும். தளபதியின் பெயரைச் சொல்லும். அதற்கு அப்பால் வாய் திறவாது. இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றும் மிதக்கும் ட்ரிங்கோமலி என்ற போர்க்கப்பல் 1817இல் பம்பாயில், வாடியா குடும்பத்தாரின் தளத்தில், தேக்கு மரத்தாற் கட்டப்பட்டது. பெயர் நமது திருகோணமலையுடையது. அந்தத் தேக்கை இழைத்த தச்சர்களின் பெயர்களை யார் அறிவார்?

இனி மாத்தளைக்கு வாருங்கள். இந்த மலைநாட்டு நகருக்குக் கடல் இல்லை. ஆனால் கப்பற் கதை உண்டு. கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து தோணிகளில் மன்னார்க் கரையில் இறங்கிய கூலிகள், காட்டு வழியே நடந்து வந்து சேர்ந்த மலைவாசல் மாத்தளை. காய்ச்சலிலும் பேதியிலும் வழியிலேயே மாண்டவர் எத்தனையோ பேர். அந்தப் பாதையை நினைவுகூர்ந்து 2023 ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையக மக்கள் நடந்தார்கள். அந்தத் தோணிகளின் பலகைக்குச் சான்றிதழ் எழுதி விற்பாரில்லை.

கதை அத்தோடு முடியவுமில்லை. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கியது. அதன்படி அனுப்பப்பட்டவர்களைத் தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு ஏற்றிச் சென்றது இராமானுஜம் என்ற கப்பல். பாட்டன் வந்த கடலில் பேரன் திருப்பி அனுப்பப்பட்டான்.

“பேனை விற்ற பணத்தில் ஒரு பங்கு பழைய கப்பலைப் பேண உதவுமே” என்பார்கள். உதவட்டும். கைவினைதான் வேண்டுமென்றால், நகத்தால் அரக்கை இழையாக இழுத்து மரத்தில் வண்ணக் கோலமிடும் கலை மாத்தளையின் ஹப்புவிடக் கிராமத்தில் இருக்கிறது. செய்த கையை நேரில் கண்டே வாங்கலாம்.

புலம்பெயர்ந்த தமிழரிலும் இத்தகைய பேனைகளைச் சேகரிப்போர் இருக்கக்கூடும். அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். எழுபதுகளில் சிறுவராகக் கப்பலேறியவர்கள் இன்று அறுபதைத் தொட்டும் கடந்தும் நிற்கிறார்கள். அவர்களைப் பெற்றவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். நீலகிரியிலும் மாத்தளைத் தோட்ட லயங்களிலும் எஞ்சியிருப்போரிடம் போய் அமருங்கள். எந்தத் தோட்டம், யார் கங்காணி, எந்த ஆண்டு, வழியில் யாரை இழந்தீர்கள் என்று கேட்டுப் பெயர் பெயராக எழுதுங்கள். அதற்குப் பத்து ரூபாய்ப் பேனை போதும்.